ராணுவத்துக்கு எந்த பிஸ்டல்? பெரெட்டா, சிக், க்ளாக்: ஓர் ஒப்பீடு

2016 மார்ச்சில் அமெரிக்கத் தரைப்படைத் தளபதி மார்க் மில்லி ஒரு கூட்டத்தில் எரிச்சலாகப் பேசினார். புதிய கைத்துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்க இரண்டு வருடம் சோதனை, அதற்கு 1.7 கோடி டாலர் செலவு என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அந்தப் பணத்தை ஒரு கிரெடிட் கார்டில் கொடுங்கள், இன்று ராத்திரியே வேட்டைச் சாமான் விற்கிற கடைக்குப் போன் போட்டு முப்படைக்கும் பிஸ்டல் வாங்கித் தருகிறேன், மொத்தமாக வாங்குவதால் தள்ளுபடியும் கேட்பேன் என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். கணக்கு மட்டும் இடித்தது. அடுத்த வருடம் தேர்வான பிஸ்டலின் விலை, போட்டியில் நசுங்கி நசுங்கி, சுமார் 207 டாலருக்கு இறங்கியது. தரைப்படைக்கு மட்டும் தேவைப்பட்டது ஏறத்தாழ 2,80,000. பெருக்கிப் பார்த்தால் 5.8 கோடி டாலர் வருகிறது.

ஆனால் மில்லி கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. ஒரு ராணுவத்தில் மிகக் குறைவாகச் சுடப்படும் ஆயுதம் பிஸ்டல்தான். போரின் முடிவை அது மாற்றுவதில்லை. அதை இடுப்பில் கட்டியிருப்பவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள், ராணுவப் போலீஸ், விமானிகள், டாங்கி ஓட்டுபவர்கள், மருத்துவப் பிரிவினர். இவர்களில் பலர் வருடத்துக்கு ஒரு தடவை தகுதித் தேர்வுக்குச் சுடுவதோடு சரி. இன்னொரு பக்கம் சிறப்புப் படையினர். கப்பலின் குறுகிய படிக்கட்டிலும் வீட்டின் உள்ளறையிலும் கையிலிருக்கும் துப்பாக்கி நின்றுபோனால் அடுத்த நொடி பிஸ்டலை எடுப்பவர்கள். பயிற்சியிலேயே ஆயிரக்கணக்கான தோட்டாக்களைச் சுட்டுத் தீர்ப்பவர்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பிஸ்டல் போதுமா? கடந்த 40 வருடத்தில் நடந்த பெரிய கொள்முதல் சண்டைகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தன. என் பதில், போதாது என்பது. ஏன் என்று விளக்க ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பழைய உலோக பிஸ்டல்களை ஓய்வு கொடுத்து அனுப்ப நினைக்கும் ஒரு ராணுவத்தை மனதில் வைத்துக்கொள்வோம். அதன் முன்னால் உள்ள வழிகள் இவை: பெரெட்டா 92 வகை, சிக் சாவர் பி226, அதே நிறுவனத்தின் பி320 (அமெரிக்காவில் எம்17, எம்18), க்ளாக் 17 அல்லது 19. சிறப்புப் படைகளுக்கு மட்டும் .45 குண்டு (விட்டம் 0.45 அங்குலம்) போடும் பெரிய பிஸ்டல்களையும் சிலர் பரிந்துரைப்பார்கள்.

குண்டின் அளவு: முடிந்துபோன சண்டை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1911-இல் ஜான் பிரௌனிங் வடிவமைத்த .45 பிஸ்டலை அமெரிக்கா ஏற்றது; அந்த ஆண்டே அதன் பெயரும் ஆயிற்று. அதற்கு முன் பிலிப்பைன்ஸில் .38 ரிவால்வர் எதிரியை நிறுத்தவில்லை என்ற புகார் இருந்தது. அந்த நினைவு 70 வருடம் நீடித்தது. .45 குண்டு சுமார் 15 கிராம், மெதுவாகப் போகும், 9 மி.மீ குண்டு சுமார் 8 கிராம், வேகமாகப் போகும். பெரிய குண்டு பெரிய துளை போடும் என்பது உண்மைதான். ஆனால் 1911-இன் மேகசினில் 7 தோட்டா, க்ளாக் 17-இல் 17. உதைப்பும் 9 மி.மீட்டரில் குறைவு, இரண்டாவது, மூன்றாவது குண்டு சீக்கிரம் இலக்கில் விழும்.

அமெரிக்க எஃப்.பி.ஐயின் கதையே இதற்குச் சாட்சி. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகளை இழந்ததும் 9 மி.மீ போதாது என்று 10 மி.மீட்டருக்குப் போனார்கள், அப்புறம் .40-க்கு இறங்கினார்கள். கடைசியில் 2015 வாக்கில் நவீன 9 மி.மீ தோட்டா போதும் என்று திரும்பி வந்தார்கள். நேட்டோ நாடுகள் ஏற்கெனவே 9 மி.மீட்டரில்தான் இருக்கின்றன. புதிதாக வாங்கும் ராணுவம் வேறு அளவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

விசை, நெம்புகோல், பயம்

உண்மையான வித்தியாசம் விசையில்தான் இருக்கிறது. ஒரு பிஸ்டலின் துல்லியத்தைவிட, அதை எந்த நிலையில் இடுப்பில் வைத்திருக்கிறார்கள், உருவி முதல் குண்டைச் சுட என்னென்ன செய்ய வேண்டும் என்பதே ராணுவங்களைத் தூங்கவிடாமல் செய்த விஷயம்.

1911, அப்புறம் 1935-இல் பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை வெளியிட்ட பிரௌனிங் ஹை பவர், இரண்டுமே ஒரே குணம் கொண்டவை. தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தி பின்னுக்கு இழுபட்டிருந்தால்தான் விசை வேலை செய்யும். தயார் நிலையில் வைக்க வேண்டுமானால் அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா, சுத்தி பின்னால், சேஃப்டி (தற்செயலாகச் சுடாமல் தடுக்கும் பூட்டு) மேலே என்று வைத்திருக்க வேண்டும். தேர்ந்த ஆளுக்கு இது வேகமான முறை. ஆனால் பின்னுக்கு இழுபட்ட சுத்தியைப் பார்த்தாலே மேலதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்கும். அதனால் பல படைகள் அறையைக் காலியாக வைத்து எடுத்துப்போகச் சொல்லின. ஆபத்து வந்தால் உருவி, மேலே முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதியான ஸ்லைடை இழுத்து, பிறகு சுட வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் காயம் பட்டவருக்கு இது எந்த வகையில் உதவும்?

பெரெட்டாவும் பி226-உம் இதற்கு வேறு விடை சொல்லின. சுத்தி கீழே இருக்கும். விசையை நீளமாக, கனமாக இழுத்தால் சுத்தி தானே பின்னால் போய் விழும். முதல் குண்டுக்குச் சுமார் 5 கிலோ இழுவை. அதற்குப் பிறகு சுத்தி பின்னாலேயே நிற்பதால் அதில் பாதிதான். தற்செயலாக வெடிக்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே துப்பாக்கியில் இரண்டு விதமான விசை. வருடத்தில் ஒரு மேகசின் சுடுகிறவருக்கு முதல் குண்டு கீழே இழுக்கும், இரண்டாவது குண்டு எதிர்பார்ப்பதற்கு முன்னாலேயே போய்விடும். அவருடைய உயிர் அந்த முதல் குண்டில்தான் இருக்கிறது என்பதுதான் கொடுமை.

பெரெட்டாவில் இன்னொரு சங்கடம், சேஃப்டி நெம்புகோல் ஸ்லைடின் மேல் இருக்கிறது. அதைக் கீழே தள்ளினால் பூட்டு, மேலே தூக்கினால் சுடத் தயார். கட்டைவிரல் இயல்பாகப் போகும் திசைக்கு நேர் எதிர். கையுறை போட்டுக்கொண்டு ஸ்லைடை அழுத்திப் பிடித்து இழுத்தால் சேஃப்டி தெரியாமலேயே விழுந்துவிடும். விசையை இழுப்பார், ஒன்றும் நடக்காது. பி226-இல் இந்தத் தொல்லை இல்லை. அதில் கையால் போடும் சேஃப்டியே கிடையாது, சுத்தியைப் பத்திரமாக இறக்கும் சின்ன நெம்புகோல் மட்டும்தான்.

1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற க்ளாக் 17 இந்த வாதத்தையே மாற்றிவிட்டது. கஸ்டோன் க்ளாக் அதுவரை துப்பாக்கி செய்தவர் இல்லை. திரைச்சீலைக் கம்பிகளும் ராணுவத்துக்குக் கத்திகளும் செய்துகொண்டிருந்தார். பழைய பழக்கம் எதுவும் தலையில் இல்லாததே அவருக்கு வசதியாகப் போயிற்று என்று நினைக்கிறேன். உடல் பிளாஸ்டிக். வெளியே தெரியும் சுத்தி இல்லை. உள்ளே, தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி பாதி இழுபட்ட நிலையில் இருக்கும், விசை மீதியை இழுத்து விடுவிக்கும். முதல் குண்டிலிருந்து கடைசிக் குண்டு வரை ஒரே இழுவை, சுமார் 2.5 கிலோ. கட்டைவிரல் சேஃப்டி எதுவும் இல்லை. விசையின் முகத்தில் ஒரு சின்ன நாக்கு, உள்ளே இரண்டு தானியங்கிப் பூட்டுகள், அவ்வளவுதான். உருவு, குறி வை, விசையை அழுத்து. கற்றுக்கொடுக்க இதைவிட எளிதான பிஸ்டல் கிடையாது.

அந்த எளிமைக்கும் ஒரு விலை உண்டு. விரலோ, சட்டை நுனியோ, உறையின் மடிந்த விளிம்போ விசைக்குள் போனால் வெடிக்கும். இன்னொன்றை விளம்பரங்களில் பார்க்க முடியாது. துடைப்பதற்காகக் க்ளாக்கைப் பிரிக்க வேண்டுமானால் முதலில் விசையை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். அறை காலி என்று உறுதிசெய்த பிறகுதான் அழுத்த வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இரவுக் காவல் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் துடைக்க உட்காரும் 20 வயதுப் பையன் விதியை எவ்வளவு நினைவில் வைத்திருப்பான்? பெரெட்டா, பி226, பி320 மூன்றையும் விசையைத் தொடாமல் பிரிக்கலாம். ஒரு லட்சம் பேருக்கு பிஸ்டல் கொடுக்கும் ராணுவத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

பெரெட்டாவும் சிக்கும்: 1985 சொல்லும் பாடம்

1984-இல் அமெரிக்கா .45-ஐ விட்டு 9 மி.மீட்டருக்கு மாறச் சோதனை நடத்தியது. கடைசிவரை நின்றவை இத்தாலியின் பெரெட்டாவும் பி226-உம். இரண்டும் தேறின. தனித் துப்பாக்கியாகப் பார்த்தால் பி226-இன் விலை கொஞ்சம் குறைவு. மேகசினும் உதிரிபாகமும் சேர்த்த மொத்தக் கணக்கில் பெரெட்டா மலிவு. 1985 ஜனவரியில் அது எம்9 ஆயிற்று. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளின் தலைவிதியை மேகசின் விலை முடிவு செய்தது என்றால் மிகையில்லை.

இரண்டே வருடத்தில் சிக்கல் வந்தது. 1987-88 வாக்கில் கடற்படையின் சிறப்புப் படையான சீல் வீரர்கள் சுடும்போது சில பெரெட்டாக்களில் ஸ்லைடு விரிசல் விட்டு, பின்பாதி கழன்று பின்னால் பறந்து சுட்டவரின் முகத்தில் அடித்தது. தையல் போட வேண்டிய காயங்கள். இத்தாலிய எஃகைத் தின்னும்வரை நீ சீல் இல்லை என்று படைக்குள் ஒரு கேலி கிளம்பியது. தோட்டாவின் அழுத்தம் அதிகமா, உலோகத்தில் குறையா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் சுத்தியின் அச்சுத் தலையைப் பெரிதாக்கினார்கள். அதனால் ஸ்லைடு உடைந்தாலும் பின்பகுதி வெளியே பறக்காது. மீண்டும் ஒரு சோதனை நடத்தி, 1989-இல் மறுபடியும் பெரெட்டாவையே உறுதி செய்தார்கள். பொதுப்படை முப்பது வருடம் அதை வைத்துக்கொண்டது.

சீல்கள் காத்திருக்கவில்லை, பி226-க்குப் போய்விட்டார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம் அதுதான் அவர்கள் இடுப்பில் இருந்தது. கடல்நீர் அரிக்காத பூச்சு, சிறிய பாகங்களுக்குப் பாஸ்பேட் என்று அதை அவர்களுக்காகவே பக்குவப்படுத்தினார்கள். ஒரு குமாஸ்தா தன் பணிக்காலம் முழுக்கச் சுடாத எண்ணிக்கையை சீல் ஒரு பயிற்சிப் பருவத்தில் சுட்டுவிடுவார். அதனால்தான் விரிசல் அவர்கள் கையில் முதலில் தெரிந்தது. ஒரே பிஸ்டலை எல்லாருக்கும் கொடுத்தால், அதன் ஆயுளை அளப்பவர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள்.

பெரெட்டாவுக்கு வந்த இன்னொரு கெட்ட பெயருக்கு அது பொறுப்பே இல்லை. ஈராக்கில் தோட்டா ஏறவில்லை, மேகசின் சிக்குகிறது என்று புகார்கள் குவிந்தன. காரணம், குறைந்த விலை கேட்ட வேறொரு ஒப்பந்தக்காரர் செய்த மேகசின்கள். அவற்றின் சொரசொரப்பான பூச்சில் பாலைவனத்துத் தூசி ஒட்டிக்கொண்டு ஸ்பிரிங்கைத் தள்ளவிடாமல் செய்தது. வழுவழுப்பான பூச்சு வந்ததும் புகார் குறைந்தது. மேகசினில் மிச்சம் பிடித்த காசு துப்பாக்கியின் பெயரைக் கெடுத்துவிட்டது.

இன்று புதிதாக வாங்க இந்த இரண்டும் தகுமா? இரண்டும் அருமையான இயந்திரங்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காலி மேகசினோடு இரண்டும் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் எடை. க்ளாக் 17 சுமார் 700 கிராம், எம்17 சுமார் 840. பிடி தடிமன், சின்னக் கை உள்ளவர்களுக்கு முதல் இழுவையில் விரல் எட்டாது. பெண்கள் அதிகமாகச் சேரும் படையில் இதுவே போதிய காரணம். பிரான்ஸ் தன் பெரெட்டா வகை பிஸ்டலை மாற்ற 2020-இல் முடிவு செய்தபோது உலோக பிஸ்டலுக்கே திரும்பவில்லை. ஏறத்தாழ 75,000 க்ளாக் 17-ஐத்தான் எடுத்தது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். தேயும்வரை ஓட்டலாம். புதிதாக வாங்குவதற்குத்தான் காரணம் இல்லை.

பெரியதே நல்லது என்று நினைத்த காலம்

சிறப்புப் படைக்கென்று தனியாக, கேட்டதையெல்லாம் போட்டு ஒரு பிஸ்டல் செய்தால் என்ன ஆகும்? 1990-களில் அமெரிக்கச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளை அதைச் செய்து பார்த்தது. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் செய்த மார்க் 23, .45 குண்டு, மேகசினில் 12. கடுமையான அழுத்தமுள்ள தோட்டாக்களில் ஆயிரமாயிரம் சுட்டும் சோதனையில் கலங்கவில்லை. சைலன்சர் மாட்டலாம், லேசர் மாட்டலாம், கடலில் மூழ்கலாம். 1996-இல் படைக்கு வந்து சேர்ந்தது.

யாரும் எடுத்துப்போக விரும்பவில்லை. வெறும் துப்பாக்கியே 1.2 கிலோ, எல்லாம் மாட்டிவிட்டால் ஒரு குட்டி ரைஃபிளைச் சுமப்பது போலத்தான். அவ்வளவு எடையைத் தூக்குகிறவர் நல்ல கார்பைனாகவே (குட்டை ரைஃபிள்) எடுத்துப்போவாரே! பொறியியலாகப் பார்த்தால் அது அற்புதம். கொள்முதலாகப் பார்த்தால் அது எச்சரிக்கை. பிறகு அதே நிறுவனத்தின் சிறிய .45 பிஸ்டல் ஒன்று சைலன்சர் வேலைக்காக மார்க் 24 என்று வந்தது.

அமெரிக்க மரீன் படையின் சிறப்புப் பிரிவான மரீன் ரெய்டர்கள் பழைய .45-இன் நினைவில் உருகிப்போனவர்கள். 2012-இல் கோல்ட் நிறுவனத்திடம் 2.25 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தத்தில் 12,000 வரை வாங்கும் வசதியோடு 1911-இன் புது வடிவமான எம்45ஏ1-ஐ எடுத்தார்கள். நூறு வயதான வடிவம். பாகங்களைக் கையால் பொருத்தி, ஸ்பிரிங்குகளைக் கணக்குப் பார்த்து மாற்றி, ஆயுதக் கூடத்து ஆட்களின் நேரத்தையெல்லாம் தின்றது. நாலைந்து வருடத்துக்குள் அதே ரெய்டர்கள் க்ளாக் 19-க்கு மாறினார்கள். பாசத்தை வைத்துப் பிஸ்டல் வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

2017: விலையில் வென்ற சிக்

மில்லி திட்டிய அந்தப் போட்டிக்கு வருவோம். அமெரிக்கத் தரைப்படை கேட்டது மூன்று முக்கியமான விஷயங்கள்: கைக்கு ஏற்றபடி பிடியை மாற்றும் வசதி, கட்டைவிரல் சேஃப்டி, ஸ்லைடின் மேல், குறிபார்க்க உதவும் ஒளிப்புள்ளிக் கண்ணாடி பொருத்த இடம். தேவைப் பட்டியல் 350 பக்கத்தைத் தாண்டியது. கடைசியில் நின்றவை சிக் சாவரின் பி320-உம், 19-இன் குட்டை ஸ்லைடை 17-இன் பிடியில் உட்கார்த்திய ஒரு க்ளாக்கும்.

2017 ஜனவரியில் சிக் ஜெயித்தது. பத்து வருடத்தில் 58 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தம். க்ளாக் எதிர்த்து மேல்முறையீடு செய்தது. முழுச் சோதனையும் முடியும் முன்பே முடிவெடுத்துவிட்டார்கள் என்பது அதன் வாதம். அரசின் கணக்குத் தணிக்கை அமைப்பு அதே ஆண்டு ஜூனில் வாதத்தைத் தள்ளியது. அந்த ஆவணத்தில்தான் உண்மையான காரணம் தெரிந்தது: சிக் கேட்டது சுமார் 17 கோடி டாலர், க்ளாக் கேட்டது சுமார் 27 கோடி. இரண்டும் தொழில்நுட்பத்தில் ஏறத்தாழச் சமம் என்றால், 10 கோடி டாலர் வித்தியாசத்தை எந்த அதிகாரியும் விளக்க முடியாது. 1985-இல் நடந்ததே 2017-இலும் நடந்தது. இந்தமுறை ஜெயித்தது சிக்.

எம்17 என்ற பெயரில் படைக்கு வந்த பி320-இன் நல்ல பக்கம் நிஜமாகவே நல்ல பக்கம். விசை, அதன் இயக்கப் பாகங்கள், வரிசை எண் எல்லாம் ஒரு சின்ன உலோகச் சட்டத்தில் இருக்கின்றன; பிளாஸ்டிக் பிடியைச் சட்டை மாற்றுவது போல மாற்றிக்கொள்ளலாம். சேஃப்டி உடலில், கட்டைவிரல் இயல்பாகப் போகும் இடத்தில், கீழே தள்ளினால் சுடத் தயார். ஒரே விசை இழுவை. 17 தோட்டா, நீள மேகசினில் 21.

கெட்ட பக்கமும் இருக்கிறது. பென்டகனின் சோதனை மேற்பார்வை அலுவலகம் 2018 தொடக்கத்தில் வெளியிட்ட அறிக்கையில், கீழே விழும்போது துப்பாக்கி தானாக வெடித்தது என்று பதிவு செய்தது. எடை குறைந்த விசைப் பாகங்கள் போட்டு ராணுவ வடிவத்தில் அதைச் சரிசெய்தார்கள். பொதுமக்களுக்கு விற்ற பி320-க்கு 2017 ஆகஸ்டிலேயே நிறுவனம் இலவசத் திருத்தம் அறிவித்தது. அதோடு முடியவில்லை. உறையில் இருக்கும்போதே தானாக வெடித்தது என்று போலீஸாரும் பொதுமக்களும் தொடுத்த வழக்குகள் வரிசையாக வந்தன. 2024-இல் இரண்டு நடுவர் குழுக்கள் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தன; வேறு பல வழக்குகள் தள்ளுபடியாயின. விசையை இழுக்காமல் வெடிக்காது என்பது நிறுவனத்தின் நிலை.

2025 ஜூலையில் வயோமிங் மாநிலத்து விமானப்படைத் தளமொன்றில் பி320-இன் இன்னொரு ராணுவ வடிவமான எம்18 வெடித்து ஒரு வீரர் இறந்தார். அந்தப் பிரிவு உடனே எம்18-ஐ ஒதுக்கி வைத்தது. சில வாரங்களில் சக வீரர் ஒருவர் கைதானார். துப்பாக்கிகளைப் பரிசோதித்து ஆகஸ்ட் கடைசியில் மீண்டும் புழக்கத்துக்கு விட்டார்கள். ஆக, அந்தச் சம்பவத்தை வடிவமைப்பின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: ஒரு மரணம் நடந்தவுடன் எல்லாரும் முதலில் சந்தேகப்பட்டது துப்பாக்கியைத்தான். வீரர் தன் இடுப்பில் இருப்பதை நம்பவில்லை என்றால், அறையைக் காலியாக வைத்துத்தான் நடப்பார். ஹை பவர் காலத்துக்கே திரும்பியது போல.

பிரிட்டனின் கணக்கு

எனக்குப் பிடித்த முடிவு பிரிட்டன் 2013-இல் எடுத்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஹை பவர் வைத்திருந்தார்கள். ஆப்கானிஸ்தானில் நிலைமை மாறியது. பயிற்சி கொடுக்கப்போன ஆப்கானியப் படையாளே திடீரென்று திரும்பிச் சுடும் சம்பவங்கள் நடந்தன. முகாமுக்குள் சாப்பிடும்போதும் கையில் ஏதாவது வேண்டும், அதுவும் உடனே சுடத் தயாராக. அவசரத்துக்கு பி226-கள் வாங்கினார்கள். நிரந்தரத் தீர்வாக க்ளாக் 17-இன் நான்காம் தலைமுறையை எடுத்தார்கள்: 25,000-க்கு மேல், உறைகளோடு சேர்த்து 90 லட்சம் பவுண்டு. வகுத்தால் ஒரு செட் சுமார் 360 பவுண்டு. 13 தோட்டாவுக்குப் பதில் 17, எடையும் குறைவு. அறையில் தோட்டாவோடு பத்திரமாக எடுத்துப்போகலாம், உருவியவுடன் சுடலாம். 350 பக்கத் தேவைப் பட்டியல் இல்லை, வழக்கும் இல்லை. இருப்பதில் நன்கு ஓடியதை வாங்கி, உறையையும் சேர்த்து வாங்கினார்கள். உறை சேர்த்து என்பதைக் கவனியுங்கள். சேஃப்டி நெம்புகோல் இல்லாத பிஸ்டலுக்கு விசையை முழுக்க மூடும் கெட்டியான உறைதான் சேஃப்டி.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூரில் செய்யப்பட்ட 9 மி.மீ 1ஏ பிஸ்டல் ஹை பவரின் வடிவம்தான். தேசியப் பாதுகாப்புப் படையான என்.எஸ்.ஜி கையில் இருப்பதோ க்ளாக். பொதுப்படைக்கு ஒன்று, கமாண்டோவுக்கு இன்னொன்று என்ற பிரிவினை இங்கும் நடந்துவிட்டது.

நான் வாங்கினால்

சிறப்புப் படைக்கு யோசிக்க ஒன்றும் இல்லை: க்ளாக் 19. காலி மேகசினோடு 700 கிராமுக்கும் குறைவு, 15 தோட்டா, சட்டைக்குள் மறையும். சாதாரண உடையில் நகரத்துக்குள் நடமாடும் வேலை இவர்களுக்கு அதிகம். நீள பிஸ்டல் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். சீல்கள் கூட தங்கள் அருமை பி226-ஐ விட்டு மார்க் 27 என்ற பெயரில் இதையே எடுத்துக்கொண்டார்கள். ஒளிப்புள்ளிக் கண்ணாடி பொருத்தும் வசதியோடு வாங்க வேண்டும். பயிற்சி நிறையப் பெறும் ஆட்களுக்கு அதன் பலன் முழுதாகக் கிடைக்கும். தனி வடிவம் செய்யச் சொல்லக் கூடாது. மார்க் 23-இல் பட்ட பாடு போதும்.

பொதுப்படைக்குக் க்ளாக் 17, பிரிட்டன் செய்ததைப் போல. இதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு 30, 40 தோட்டாகூடப் பயிற்சிக்குத் தர முடியாத, உறைக்குக் காசு ஒதுக்காத படை என்றால், கட்டைவிரல் சேஃப்டி உள்ள பிஸ்டலே அதற்கு ஏற்றது. அப்படிப்பட்ட படைக்கு எம்17-இன் யோசனை சரிதான். ஆனால் வழக்குகள் இன்னும் தீராத நிலையில் புதிதாக வாங்குகிறவர் அவசரப்பட வேண்டியதில்லை. சேஃப்டி நெம்புகோல் போட்ட க்ளாக்கும் பெரிய ராணுவம் கேட்டால் செய்து தருவார்கள். 2017 போட்டிக்கே செய்து காட்டினார்களே. துடைக்கப் பிரிக்கும் சங்கடத்துக்கு ஒரே வழிதான்: ஆயுதக் கூடத்தின் வாசலில் மணல் நிரப்பிய குழாய் வைத்து, அதை நோக்கிப் பிடித்துத்தான் அறையைக் காலிசெய்து விசையை அழுத்த வேண்டும் என்று கட்டாயமாக்குவது.

விலைக் கணக்கைத் துப்பாக்கியில் தொடங்கக் கூடாது. ஒவ்வொரு பிஸ்டலுக்கும் குறைந்தது மூன்று மேகசின், அவை துப்பாக்கி செய்த நிறுவனத்திலிருந்தே. விசையை மூடும் உறை. முதல் மூன்று வருடத்துக்கான பயிற்சித் தோட்டா. ஸ்பிரிங் உள்ளிட்ட உதிரிபாகம். டெண்டரில் இந்த நான்கையும் ஒரே விலையாகக் கேட்க வேண்டும். கீழே விழும் சோதனையை எல்லாக் கோணத்திலும், அறையில் தோட்டா உள்ள நிலையில், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே வாங்குபவரின் சொந்த ஆட்கள் செய்துபார்க்க வேண்டும்.